தோட்டத்துக் களையும் கைக்கேற்ற கருவியும்: வாசகர் கேள்வி – பதில்

காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் களை பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம். தக்காளி, கத்தரி, வெண்டை மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஒரு களைக்கு ஏக்கருக்குப் பன்னிரண்டு ஆள் பிடிக்கிறது, அதுவும் கூப்பிட்ட நாளில் வருவதில்லை. 7 எச்.பி. பவர் வீடர் (இன்ஜினில் ஓடும் களைக்கருவி) வாங்கலாமா? எல்லாப் பயிருக்கும் ஓடும் என்கிறார் கடைக்காரர்.
– ஒட்டன்சத்திரம் வாசகர்

ஓடும். ஆனால் உங்கள் பயிர் வரிசைக்குள் ஓடுமா என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும்.

இப்போது தக்காளியை 60 செ.மீ. வரிசையில் 45 செ.மீ. இடைவெளி விட்டு நடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நட்ட இருபதாம் நாளில் செடி இருபது செ.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கும். அதைக் கழித்தால் மீதி 40. செடியின் பக்க வேர் அறுபடாமல் இருக்க இரண்டு பக்கமும் பத்துப் பத்து செ.மீ. விட வேண்டும். கடைசியில் கருவிக்குக் கிடைப்பது 20 செ.மீ. சந்து. 7 எச்.பி. வண்டியில் எல்லா பிளேடு செட்டையும் மாட்டினால் 80 செ.மீ.க்குக் குறையாது. வெளி செட்டைக் கழற்றி ஓட்டினாலும் 45 செ.மீ. வரும். ஆக, உங்கள் இன்றைய நடவு முறையில் அந்த வண்டி உழவுக்கு ஆகும், களைக்கு ஆகாது. வாங்கி ஒரு பருவம் ஓட்டிவிட்டு ஷெட்டில் நிறுத்தி வைத்திருக்கும் பவர் வீடர்களில் பாதி இந்தக் கணக்கைப் போடாமல் வந்தவைதான்.

மாற்று வழி நடவை மாற்றுவது. 60×45 என்றால் ஒரு செடிக்கு 0.27 சதுர மீட்டர். 90×30 போட்டாலும் அதே 0.27 தான். ஏக்கருக்குச் சுமார் 15,000 செடி என்ற எண்ணிக்கை குறையாது, வரிசைச் சந்து மட்டும் அகலமாகும். குச்சி நட்டுக் கட்டும் தக்காளிக்கு இது நன்றாகவே ஒத்துவரும். தரையில் படரவிடும் பழக்கம் இருந்தால் முப்பது நாளில் சந்து மூடிவிடும், அப்புறம் வண்டி நுழையாது. வீரிய ஒட்டுக் கத்தரிக்கு 90×60 ஏற்கெனவே பரிந்துரையில் உள்ள அளவுதான். வெண்டையை 60 செ.மீ. வரிசையிலேயே விட்டுவிடுங்கள், அதற்குக் கையால் தள்ளும் சக்கரக் களைக்கருவி போதும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வாங்க நினைக்கும் வண்டியின் பிளேடு அகலத்துக்கு ஒரு குச்சியை வெட்டி, தரையை ஒட்டிக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நட்டு முப்பது நாளான வயலில் ஒரு வரிசை நடந்து பாருங்கள். எத்தனை செடியில் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். வரிசை முடிவில் வண்டி திரும்ப ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடம் விட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். வரப்புவரை நட்டிருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நாலு செடி போகும். சொட்டுநீர்க் குழாய் சந்துக்குள் கிடந்தால் ஓட்டும் முன் அதைத் தூக்கிச் செடியோரம் போட வேண்டும். ஒரு குழாய் பிளேடில் சுற்றினால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

எங்கள் யோசனை இதுதான். முதலில் 15, 20 செ.மீ. பிளேடுகள் மாற்றக்கூடிய சக்கரக் களைக்கருவி இரண்டு, நல்ல களைக்கொத்து நாலு, ஒரு தட்டை அரம் வாங்குங்கள். அடுத்த பயிரை 90 செ.மீ. வரிசையில் நடுங்கள். அந்த ஒரு பருவத்துக்குப் பவர் வீடரை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், பிளேடு அகலத்தைக் குறைக்க முடிகிற, கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளக்கூடிய 5 எச்.பி. வகை போதும். பக்கவாட்டில் திருப்ப முடிந்தால் கிளறிய மண்ணை மறுபடி மிதிக்காமல் நடக்கலாம். பிளேடு, பெல்ட், கிளட்ச் கேபிள் மூன்றும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஷோரூம் வாசலில் ஓட்டிக்காட்டுவதை ஏற்காதீர்கள், உங்கள் வயலுக்கு வரச் சொல்லுங்கள்.

வண்டி வந்தாலும் ஆள் அறவே இல்லாமல் போகாது. இயந்திரம் வரிசைக்கு நடுவே உள்ள களையைத்தான் எடுக்கும். செடிக்கும் செடிக்கும் இடையில் நிற்பதைக் கையால்தான் எடுக்க வேண்டும். அதையும் குறைக்க ஒரு வழி உண்டு. இருபத்தைந்து, முப்பதாம் நாள் மண் அணைக்கும்போது, வரிசைக்குள் இரண்டு இலை விட்டு நிற்கும் பொடிக் களைகள் மண்ணுக்கடியில் போய்விடும். களை விரல் நீளம் வளர்ந்துவிட்டால் இது பலிக்காது, மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: சக்கரக் களைக்கருவி வாங்கினேன். தள்ளவே முடியவில்லை, இழுக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, தேனி மாவட்டம்

கருவி சரியாகத்தான் இருக்கும். நாள் தப்பியிருக்கும். இது களை முளைத்து இரண்டு இலை விடும் பருவத்துக்கான கருவி. மண்ணை லேசாகக் கிளறினால் வெள்ளை நூல் போல வேர் தெரியும், மேலே பச்சை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அந்த நேரத்தில் ஓட்டினால் நடந்து போகிற வேகத்தில் வேலை ஆகும். களை நாலு விரல் உயரம் போனபின் தழை பிளேடில் அடைத்துக்கொண்டு இழுக்கத்தான் செய்யும்.

நட்ட பன்னிரண்டாம் நாள் முதல் ஓட்டம், இருபத்தைந்தாம் நாள் இரண்டாவது. வயல் சுத்தமாகத் தெரிகிறதே என்று முதல் ஓட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள், எல்லோரும் தவறும் இடம் அதுதான். பிளேடு இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. ஆழமாகப் போனால் அடியில் தூங்கும் விதையை மேலே கொண்டுவந்து அடுத்த களைக்கு நீங்களே விதைத்தவர் ஆவீர்கள். கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். ஒரேயடியாகத் தள்ளாமல் ஒரு முழம் தள்ளி அரை முழம் இழுத்துப் போங்கள். மணிக்கு ஒருமுறை அரம் போடுங்கள். புதுக் கருவிகளில் பெரும்பாலும் பிளேடு கூர் தீட்டாமலே வருகிறது.

மண்ணின் பதத்துக்கு ஒரு சோதனை: ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம். உருண்டையாகவே கிடந்தால் ஒருநாள் பொறுங்கள். உருட்டவே வராவிட்டால் காய்ந்துவிட்டது, தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். கரிசலில் இந்தப் பதம் ஒருநாள், இரண்டு நாள்தான் நிற்கும். செம்மண்ணில் அவகாசம் அதிகம்.

இன்னொன்று: நெல்லுக்குரிய கோனோவீடரைக் காய்கறிக்கு ஆகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது சேற்றில் உருளச் செய்தது.

கேள்வி: கோரையை என்ன செய்தாலும் போகவில்லை. மாதம் ஒருமுறை ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடால் மண்ணைப் பொடியாக்கும் உழவுக் கருவி) அடிக்கிறேன், முன்னைவிட அதிகமாகத்தான் வருகிறது.
– பல்லடம் வாசகர் (இதே கேள்வி வேறு மூவரிடமிருந்தும்)

ரோட்டவேட்டர்தான் காரணம். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று நூல் கோத்த மாதிரி தொடர்ந்திருக்கும். தொடர் அறுபடாதவரை நுனிக் கிழங்கு முளைத்து மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைக்கும். ரோட்டவேட்டர் அந்தத் தொடரைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு கிழங்கும் தனித்தனிச் செடியாகக் கிளம்புகிறது. அறுகுக்கும் இதே கதைதான், ஒவ்வொரு கணுவும் ஒரு நாற்று. போதாக்குறைக்கு, மாதாமாதம் ஒரே ஆழத்தில் அடித்தால் அதற்குக் கீழே கெட்டித்தட்டு விழுந்து தண்ணீர் இறங்காது.

செய்ய வேண்டியது: சித்திரை, வைகாசி வெயிலில் நிலத்தைக் காலியாக விடுங்கள். மண் காய்ந்திருக்கும்போது கொக்கிக் கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சால் ஓட்டினால் கிழங்கும் அறுகம்வேரும் அறுபடாமல் மேலே வரும். கிழங்கில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 செ.மீ.க்குள்தான் இருக்கிறது. வெயிலில் இரண்டு வாரம் கிடந்தால் ஈரம் வற்றிச் சாகும். ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகச் சுருங்கியிருந்தால் முடிந்தது. நடுவில் கோடை மழை பெய்தால் அது மறுபடி பிழைத்துக்கொள்ளும், மண் காய்ந்ததும் இன்னொரு சால் ஓட்ட வேண்டும். அறுகம்வேரை வாரி வெளியே போட்டுவிடுங்கள், வரப்பில் குவிக்காதீர்கள்.

இதோடு நிற்கவும் கூடாது. கோரை வெயில் விரும்பி, நிழலில் நோஞ்சானாகிவிடும். மழை வந்ததும் சணப்பையோ தட்டைப்பயறையோ நெருக்கமாக விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாள் நிலத்தை மூடுங்கள். பூக்கும்போது மடக்கி உழலாம். அதற்கடுத்துக் காய்கறி போடும்போது முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோரையைக் கொத்துங்கள். முளைத்த கோரை மூன்று, நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே தலையை வெட்டிக்கொண்டே இருந்தால் கிழங்கில் உள்ள சேமிப்புக் கரையும். மாதம் ஒருமுறை வெட்டுவது அதற்குக் கவாத்துச் செய்வது போல. ஒரே வருடத்தில் ஒழியும் என்று சொல்லமாட்டோம். இரண்டு கோடை இப்படிச் செய்தால் கட்டுக்குள் வரும்.

மூவரில் ஒருவர் ஹாலோசல்ஃப்யூரான் களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்டிருந்தார். கோரைக்கு நன்றாக வேலை செய்யும் மருந்துதான். கரும்புக்குப் பதிவு பெற்றது, ஏக்கருக்கு 36 கிராம். கரும்புக்கு எடுத்த பொட்டலம் மீதி இருக்கிறது என்று தக்காளிக்கோ கத்தரிக்கோ அடிக்க வேண்டாம். கிளைபோசேட் களைக்கொல்லியும் அப்படியே. நம் நாட்டில் அதன் லேபிளில் உள்ளவை தேயிலையும் பயிரில்லா நிலமும்தான். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி அறிவிக்கையும் வெளியிட்டது. காய்கறி வரிசைக்குள் அது எந்த வகையிலும் இடம்பெறாது.

கேள்வி: சின்ன வெங்காயத்துக்குப் பெண்டிமெத்தலின் களைக்கொல்லி அடித்தேன். சில இடத்தில் சுத்தம், சில இடத்தில் கோடு கோடாகக் களை. ஏக்கருக்கு ஒரு லிட்டர், எட்டு டேங்க். மருந்து போலியா?
– பெரம்பலூர் மாவட்ட வாசகர்

கோடு கோடாக வருவது போலி மருந்தின் அடையாளம் அல்ல, தெளிப்பின் அடையாளம். மருந்தே கெட்டிருந்தால் வயல் முழுக்க ஒரே மாதிரி முளைத்திருக்கும்.

உங்கள் எட்டு டேங்க் 130 லிட்டர்கூட வராது. முளைக்கும் முன் அடிக்கும் களைக்கொல்லி மண்மேல் விரிப்பு போலப் பரவ வேண்டும், அதற்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் தேவை. 30 ஈ.சி. என்று லேபிளில் இருக்கும் பெண்டிமெத்தலின் ஏக்கருக்கு 1.3 லிட்டர். 16 லிட்டர் டேங்க் என்றால் பன்னிரண்டரை டேங்க், டேங்குக்கு 104 மி.லி. மூடியால் அளக்காதீர்கள், மில்லி கோடு போட்ட குவளை வைத்துக்கொள்ளுங்கள். 38.7 சி.எஸ். என்ற இன்னொரு வடிவமும் கடையில் இருக்கிறது, அதன் அளவு ஏறக்குறைய பாதிதான். எது கையில் இருக்கிறது என்று பார்த்து அந்த லேபிள்படி ஊற்றுங்கள்.

பூச்சிமருந்துக்கு மாட்டியிருந்த அதே கூம்பு முனையால் அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அது பொடிப் புகையாக வட்டமாகத் தெளிக்கும், கையை வீசி வீசி அடிக்கத் தோன்றும். கோடு அங்கேதான் விழுகிறது. களைக்கொல்லிக்கு விசிறி முனை அல்லது ஃப்ளட்ஜெட் முனை மாட்டி, தரையிலிருந்து ஒரே உயரத்தில் பிடித்து, கையை ஆட்டாமல், பின்னோக்கி நடந்து போங்கள். முன்னோக்கி நடந்தால் அடித்த இடத்தை நீங்களே மிதிப்பீர்கள். மிதிபட்ட இடத்தில் மருந்துப் படலம் உடைந்து களை எட்டிப் பார்க்கும். பேட்டரி தெளிப்பானில் சார்ஜ் இறங்க இறங்க அழுத்தம் குறையும். கடைசி நாலு டேங்க் அடித்த பகுதியில்தான் களை அதிகமா என்று யோசித்துப் பாருங்கள்.

அடிக்கும் முன் தெளிப்பானை ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் குறியுங்கள், இரண்டரை சென்ட் வரும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றி, வழக்கமான நடையில் அந்த இடத்தை அடித்து முடியுங்கள். எத்தனை லிட்டர் செலவானது என்று பார்த்து 40-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. 5 லிட்டர் ஆனால் சரி. 3 லிட்டர்தான் ஆனது என்றால் நடை வேகம், குறைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட்டு, மண் ஈரமாக இருக்கும்போது. காய்ந்த மண்ணில் அடித்தால் பாதி வீண். ஏற்கெனவே முளைத்து நிற்கும் களையையும் கோரையையும் இது ஒன்றும் செய்யாது. வெங்காய இலை ஒல்லியாக மேல்நோக்கி நிற்பதால் கடைசிவரை நிலத்தை மூடுவதில்லை. ஆகவே முப்பது, முப்பத்தைந்தாம் நாள் ஒரு கைக்களை கட்டாயம். கிழங்கு பருக்கும் நேரத்தில் களைக்கொத்தை ஆழமாகப் போடாதீர்கள். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு அடியுங்கள். இந்த மருந்தின் மஞ்சள் கறை தோலிலும் துணியிலும் லேசில் போகாது.

அடித்த வயலில் ஊடுபயிராகக் கீரை தூவலாம் என்று நினைத்தால் வேண்டாம். தண்டுக்கீரையும் முளைக்கீரையும் இந்த மருந்தின் கண்ணுக்குக் களைதான்.

கேள்வி: தக்காளி இலை திடீரென்று நூல் நூலாகச் சுருங்கிவிட்டது, தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வைரஸ் என்று செடியைப் பிடுங்கச் சொல்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்து ஒரு வாரம் ஆகிறது.
– ஆத்தூர் வாசகர், சேலம் மாவட்டம்

பிடுங்க வேண்டாம், பொறுங்கள். நீங்கள் சொல்வது மக்காச்சோளத்துக்கு அடிக்கும் 2,4-டி களைக்கொல்லி பட்ட அடையாளம். தக்காளி அதற்கு மிகவும் பயந்த பயிர். வாசம் பட்டாலே சுருங்கும் என்று சொல்வது மிகையில்லை. எஸ்டர் வகையின் ஆவிக்கே இலை சுருளும்.

வைரஸா, மருந்தா என்று பிரித்துப் பார்க்க வயலில் நடந்தாலே போதும். மருந்து என்றால் சோளக்காட்டை ஒட்டிய வரப்போரம் பாதிப்பு அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்கும். எல்லாச் செடியிலும் ஏறக்குறைய ஒரே நாளில் தெரியும். பக்கத்துப் பருத்தி, கத்தரி, வரப்பில் நிற்கும் அகல இலைக் களைகளும் முறுக்கியிருக்கும். இலைச்சுருட்டு வைரஸ் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி வாரக்கணக்கில் பரவும். இலை மேல்நோக்கிக் கிண்ணம் போல வளைந்து, ஓரம் வெளுக்கும், இலையடியில் வெள்ளை ஈ இருக்கும்.

முறிவு மருந்து கிடையாது. டானிக் என்று எதையாவது விற்பார்கள், பணம்தான் போகும். வழக்கம்போல் தண்ணீர் கட்டுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் குருத்து நேரான இலை விட்டால் செடி பிழைத்தது. குருத்தே கருகியிருந்தால் அந்தச் செடியை எடுத்துவிடலாம். மருந்து பட்ட அன்று செடியில் இருந்த காய்களை விற்கவோ சமைக்கவோ வேண்டாம்.

காற்றில் வரவில்லை, உங்கள் வயல் முழுக்க ஒரே சீராக இருக்கிறது என்றால் தெளிப்பானைச் சந்தேகப்படுங்கள். 2,4-டி அடித்த டேங்கை வெறும் தண்ணீரில் அலசி அடுத்து தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்தால் இதேதான் நடக்கும். டேங்கை மூன்று தரம் கழுவி, 15 லிட்டர் தண்ணீரில் 150 மி.லி. அம்மோனியா கரைசல் கலந்து, குழாய், கைப்பிடி, முனைவரை போகும்படி கொஞ்சம் தெளித்துவிட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நன்றாக அலச வேண்டும். இதைவிட எளிது, களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்து அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் பட்டை அடித்துவிடுவது. இரவல் கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் இதைக் கவனியுங்கள்.

மக்காச்சோளம் அறுத்த நிலத்தில் உடனே காய்கறி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி அடித்திருந்தால் அது மண்ணில் மாதக்கணக்கில் நிற்கக்கூடியது. பத்துத் தொட்டியில் அந்த மண்ணை நிரப்பி அவரையோ வெள்ளரியோ ஊன்றிப் பாருங்கள். இலையோரம் வெளுத்துக் கருகினால் இன்னும் பொறுங்கள்.

கேள்வி: கல் உப்பும் கோமியமும் கலந்து அடித்தால் களை சாகும் என்று வீடியோவில் பார்த்தேன். இயற்கை முறைதானே?
– வாசகர், ஈரோடு

இலை கருகும், வேர் கருகாது. கோரையும் அறுகும் பத்து நாளில் திரும்ப வரும், உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும். கிணற்று நீரே உப்பாக இருக்கும் மாவட்டத்திலிருந்து கொண்டு வயலில் உப்பை விலை கொடுத்து வாங்கிக் கொட்ட வேண்டாம்.

கேள்வி: மல்ச்சிங் ஷீட் (பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும்? 25 மைக்ரானா, 30 மைக்ரானா? கோரை துளைத்துக்கொண்டு வருகிறதே?
– பாலக்கோடு வாசகர், தருமபுரி மாவட்டம்

கணக்கு எளிது. மேட்டுப்பாத்திகளின் மையத்துக்கு மையம் ஒன்றரை மீட்டர் என்றால் ஏக்கருக்கு 2,700 மீட்டர் பாத்தி ஓடும். 400 மீட்டர் ரோல் ஏழு வாங்க வேண்டும். 1.2 மீட்டர் அகலத்தில் இது 3,240 சதுர மீட்டர். 25 மைக்ரானில் ஒரு கிலோ சுமார் 43 சதுர மீட்டர் மூடும், 30 மைக்ரானில் 36. ஆக 75 கிலோ அல்லது 90 கிலோ. ரோலை எடை போட்டு வாங்குங்கள். 25 என்று அச்சடித்து 20-ஐக் கட்டிக் கொடுப்பது எடையில் தெரிந்துவிடும்.

தக்காளி போன்ற நாலைந்து மாதப் பயிருக்கு 25 போதும். கத்தரி, மிளகாயை நீண்ட நாள் வைத்துப் பறிப்பவர்கள் 30 எடுங்கள். வெள்ளிப் பக்கம் மேலே, கறுப்பு கீழே. வெள்ளியின் பளபளப்பு இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் ஓரளவு விரட்டும், கறுப்பு வெளிச்சத்தை மறைத்துக் களையை அடக்கும். சொட்டுநீர்க் குழாயைப் போட்டு, தண்ணீர் விட்டு, அடைப்பு இல்லை என்று பார்த்தபின் ஷீட்டை விரியுங்கள். ஓரத்தில் 15 செ.மீ. மண்ணுக்குள் புதைய வேண்டும். பாத்தியில் கட்டி இல்லாமல் மண் பொடியாக இருக்கட்டும், ஷீட் மண்ணோடு ஒட்டி இழுத்து நிற்காவிட்டால் காற்றில் படபடத்துக் கிழியும், தொட்ட நாற்றும் கருகும். துளையைக் கத்தியால் கீறாமல் சூடாக்கிய குழாயால் போடுங்கள். விளிம்பு உருகி நிற்பதால் கிழிசல் ஓடாது.

கோரைக்கு இது தீர்வே அல்ல. அதன் முளை ஊசி போலக் கூர்மையானது, 30 மைக்ரானையும் துளைக்கும். கோரை மண்டிய நிலத்தில் முதலில் பல்லடம் வாசகருக்குச் சொன்னதைச் செய்துவிட்டு அப்புறம் ஷீட் வாங்குங்கள். பயிர் முடிந்ததும் ஷீட்டை முழுதாகச் சுருட்டி எடுங்கள். அப்படியே உழுதால் துண்டுகளை அடுத்த தலைமுறைதான் பொறுக்க வேண்டும். எரிக்கவும் வேண்டாம்.

செலவு தாங்காது என்பவர்கள் கரும்புத்தோகையோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்குப் பரப்பலாம். செம்மண்ணில் கரையான் வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பவர் வீடர் மண்ணைக் கிளறாமல் முன்னால் பாய்ந்து ஓடுகிறது. கியர்பாக்ஸ் அடியில் ஆயிலும் கசிகிறது.
– உடுமலை வாசகர்

பாய்வதற்கு மூன்று காரணம். பின்னால் தொங்கும் ஆழக்கம்பி மேலே ஏறியிருக்கலாம். அதை இறக்கினால் வண்டி தடுக்கப்பட்டு பிளேடு மண்ணுக்குள் இறங்கும். அல்லது பிளேடு இடம் வலம் மாறியிருக்கும். கூர்ப்பக்கம் சுழலும் திசையில் முன்னால் வர வேண்டும், முதுகுப்பக்கம் வந்தால் வண்டி மண்மேல் குதிக்கும். இரண்டும் சரியென்றால் மண் காய்ந்திருக்கிறது.

ஆயில் கசிவுக்கு அச்சைப் பாருங்கள். கானாவாழை, அறுகு, சணல் கயிறு எல்லாம் அச்சில் சுற்றி உள்ளே நெருக்கிக்கொண்டே போய் ஆயில் சீலை அறுக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, அச்சில் சுற்றியதை அறுத்தெடுங்கள். சீல் மாற்றச் சில நூறு ரூபாய்தான். கவனிக்காமல் ஆயில் இல்லாமல் ஓட்டினால் கியரே போகும்.

புது இன்ஜினில் முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும், பிறகு கையேட்டில் உள்ளபடி. புழுதியில் ஓடும் வண்டி, ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும் முன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து உள்ளே பிசினாகிவிடும். அடுத்த பருவத்தில் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது.

கிளட்ச் லீவரைக் கயிற்றால் கட்டி வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. கையை விட்டால் வண்டி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த லீவர். ரிவர்ஸில் வரும்போது பின்னால் மரமோ கிணற்று மேடையோ இருந்தால் நடுவில் மாட்டுவது நீங்கள். வேட்டி, துண்டு, துப்பட்டாவோடு வண்டி பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: மானியத்தில் கருவி வாங்க என்ன செய்ய வேண்டும்?
– பலர்

வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் கிடைக்கிறது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், ஒவ்வொரு கருவிக்கும் உள்ள உச்சவரம்புக்கு உட்பட்டு. அனுமதி வந்தபின்தான் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் கிடைக்காது. வாடகைக்கு வேண்டுமென்றால் அதே துறையின் இ-வாடகை செயலியில் பதியலாம். மானியம் இருக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேற்பட்ட எச்.பி. எடுக்காதீர்கள், எரிபொருளும் பிளேடும் மானியத்தில் வராது.

கேள்வி: கீரைப் பாத்தியில் கீரையைவிடக் களை அதிகம். பிடுங்கினால் கீரையும் சேர்ந்து வருகிறது.
– வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

விதைக்கும் முன்பே களையை முளைக்க வைத்துவிடுங்கள். பாத்தியைக் கடைசி அளவுக்குச் சமன்படுத்தித் தண்ணீர் விட்டு, விதைக்காமல் பத்து, பன்னிரண்டு நாள் காத்திருங்கள். பச்சைப் பாய் விரித்த மாதிரி களை முளைக்கும். அதைத் தட்டைக் கொத்தால் மேலாகச் சீவிவிட்டு, மண்ணைப் புரட்டாமல் அன்றே விதையுங்கள். புரட்டினால் செய்த வேலை வீண். நேரம் இருந்தால் இரண்டு முறை செய்யலாம். தூவாமல், விதையை மணலோடு கலந்து ஒரு சாண் இடைவெளிக் கோடுகளில் போட்டால் கோட்டுக்கு வெளியே முளைப்பதெல்லாம் களை என்று தெரிந்துவிடும். குப்பைக்கீரை நாற்று தண்டுக்கீரை நாற்று போலவே இருப்பதால் இது முக்கியம்.

கோடையில் நிலம் சும்மா இருந்தால், நனைத்த பாத்தியின்மேல் நிறமற்ற கண்ணாடி பாலித்தீனை ஓரம் புதைத்து நாலு முதல் ஆறு வாரம் மூடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம், வெயில் உள்ளே இறங்கி மண் கொதிக்க வேண்டும். நாற்றங்காலுக்கும் இது ஏற்றது.

கேள்வி: ஆட்டுக்கிடை போட்ட வயலில் சீமைக்கருவேலம் முளைக்கிறது. தொடர்பு உண்டா?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

உண்டு. ஆடு காயைத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு விழும், முளைப்பும் நன்றாக இருக்கும். கருவேலங்காய் உதிரும் மாதங்களில் கிடை அமர்த்தாதீர்கள். மாட்டு எரு வாங்கினாலும் நேராக வயலில் கொட்டாமல், இடுப்பு உயரத்துக்குக் குவித்து, ஈரம் காட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டி மக்கவையுங்கள். குவியலுக்குள் கை விட்டால் சூடு தாங்க முடியாத அளவு வர வேண்டும். ஓரத்தில் உள்ளது சூடாகாது, புரட்டும்போது அதை நடுவே போடுங்கள். இப்போது முளைத்திருக்கும் கன்றுகளை மழை பெய்த மறுநாள் வேரோடு இழுத்துவிடுங்கள். ஒரு முழம் வளர்ந்தபின் கடப்பாறை வேண்டியிருக்கும்.